முள் சொல்வது மெய்யா?

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். அதன் பிறகு பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஊரிலேயே சிறு தொழில் செய்கிறார்கள்.

எங்கள் இரவு வகுப்புக்கு வரும் அக்கா ஒருவருக்கு ராபர்ட்சன்பேட்டையில் காலை டிபன் கடை. அக்கா சமைப்பார். அவர் கணவர் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக் கொண்டு போவார். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய மாருதி 800. 2006இல் செய்தது. மூன்றாவது கையாக வாங்கியது. இட்லிப் பானையும் சாம்பார் அண்டாவும் போக வேண்டும். அதனால் பின் சீட்டில் ஆள் உட்கார்ந்ததே இல்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். "டீச்சர், நாளைக்கு நான் வரமாட்டேன். அடகுக் கடைக்குப் போகணும்" என்றார். கை தானாகக் காதுத் தோட்டைத் தொட்டது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். கார் சூடாகிறதாம். கிளம்பிப் பத்து நிமிடத்தில் மீட்டர் முள் மேலே ஏறிவிடுகிறதாம். ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். முள்ளைப் பார்த்தார். "ஹெட்டைக் கழற்ற வேண்டும். 14,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

ஹெட் என்பது இஞ்சினின் மேல் பாகம். அதைக் கழற்றுவது பெரிய வேலை. அதற்குத்தான் தோடு.

தாத்தா கேட்ட கேள்விகள்

எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி படிக்கிறார். இருட்டில் அவரைக் கூட்டிப் போக அவர் கணவர் வருவார். அந்தத் தாத்தா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். சிவனசமுத்திரத்திலிருந்து எங்கள் சுரங்கத்துக்கு 1902லேயே மின்சாரம் வந்தது. அதைச் சொல்லாமல் அவரால் எந்தப் பேச்சையும் தொடங்க முடியாது. அன்றும் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணனை விசாரித்தார்.

"ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா?"

"இல்லை தாத்தா. ஒரு மாதமாக அதே அளவுதான்."

"பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா?"

"இல்லை."

"இஞ்சின் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறதா?"

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிறது."

"வண்டி இழுவை குறைந்ததா? கொதிக்கிற சத்தம் கேட்கிறதா?"

"எதுவும் இல்லை. முள் மட்டும்தான் ஏறுகிறது."

தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "ஊரில் ஒருத்தன் வந்து உன் வீடு எரிகிறது என்கிறான். நீ போய்ப் பார்க்கிறாய். புகை இல்லை. சூடு இல்லை. அப்போது யாரை விசாரிக்க வேண்டும்? செய்தி கொண்டு வந்தவனைத்தானே? முள் ஒரு தூதன். அதற்குச் செய்தி கொடுக்கிறவன் ஒருத்தன் இஞ்சினில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விசாரிப்போம். தோடு காதிலேயே இருக்கட்டும்."

செய்தி கொடுப்பவன் யார்?

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டை வெளியே கொண்டு போக இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இப்போது வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலன்ட் கலந்து ஊற்றுகிறார்கள். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து ஆறித் திரும்பிப் போகிறது.

அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று அறிய ஒரு சிறிய கருவியைத் திருகி வைத்திருக்கிறார்கள். அதுதான் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உடம்பு பித்தளை. அதன் நுனி தண்ணீருக்குள் நனைந்திருக்கும். மறு முனை வெளியே இருக்கும். அதில் ஒயர் மாட்டியிருக்கும்.

சென்சாருக்குள் ஒரு விசேஷமான பொருள் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூடு ஏற ஏறத் தடுப்பது குறையும். நிறைய மின்சாரத்தை விடும். மின்சாரம் அதிகமானால் முள் ஏறும்.

மீட்டரின் ஒரு முனையில் பிறை நிலா போல ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது குளிர்ச்சிக்கு. இன்னொரு முனையில் ஒரே படி உள்ள ஏணி போல ஓர் எழுத்து இருக்கும். அது சூட்டுக்கு. இந்த இரண்டையும் படிக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிறை, ஏணி என்று நினைவில் வையுங்கள். நல்ல வண்டியில் முள் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு நடுப்பக்கம் வந்து நிற்கும்.

பழைய வண்டிகள் பலவற்றில் இப்படிப்பட்ட சென்சார்கள் இரண்டு இருக்கும். ஒற்றை ஒயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு. இரண்டு ஒயர் உள்ளது வண்டியின் கம்ப்யூட்டருக்கு. சில வண்டிகளில் ஒன்றே இரண்டு வேலையும் செய்யும். கார்புரேட்டர் வைத்த மிகப் பழைய வண்டிகளில் முள்ளுக்கான ஒன்றுதான் பெரும்பாலும் உண்டு.

முதலில் ஒயரைப் பார்த்தோம்

மறுநாள் ஞாயிறு. கடை விடுமுறை. வண்டி இரவு முழுவதும் நின்று ஆறியிருந்தது. இது முக்கியம். சூடான இஞ்சினில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஒரு குக்கர் மாதிரி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும். குக்கரில் விசில் அடங்கும் முன் யாராவது மூடியைத் திறப்பார்களா? இதையும் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். அப்போதுதான் மூடியில் கை வைக்கலாம்.

அண்ணன் சாவியைத் திருப்பினார். இஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. முள் பிறைப் பக்கம் நின்றது. சரிதான். குளிர்ந்த வண்டி அப்படித்தான் காட்ட வேண்டும். குளிர்ந்த வண்டியில் சாவி போட்டதுமே முள் ஏணிப் பக்கம் போனால் கோளாறு வேறு. பெரும்பாலும் ஒயரின் மேல்தோல் உரிந்து வண்டி உடம்பைத் தொட்டுக் கொண்டிருக்கும்.

தாத்தா ஒற்றை ஒயரைச் சென்சாரிலிருந்து கழற்றினார். முள் அசையவில்லை. பிறகு அந்த ஒயரை ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு வழியாக வண்டியின் இரும்பில் தொட வைத்தார். முள் மெல்ல ஏணிப் பக்கம் நகர்ந்தது. உடனே எடுத்துவிட்டார். முள் இறங்கியது.

"நேராகவே தொட வைக்கலாமே தாத்தா?" என்று அண்ணன் கேட்டார்.

"வைக்கலாம். மீட்டர் எரிந்தால் புதிது வாங்கலாம்" என்றார் தாத்தா. அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். பல்பு இருந்தால் மின்சாரம் அளவோடு போகும். மீட்டருக்குக் கேடு வராது.

முள் ஏறி இறங்கியதால் ஒன்று தெரிந்தது. மீட்டர் நன்றாக இருக்கிறது. ஒயரும் நன்றாக இருக்கிறது. மீதி இருப்பது இரண்டே இரண்டு. சென்சார் தவறு சொல்லியிருக்கலாம். அல்லது தண்ணீர் உண்மையிலேயே அதிகம் சூடாகியிருக்கலாம். எது என்று அடுப்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெயின்ட் டப்பாவில் கொதித்த தண்ணீர்

பாட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றினோம். அண்ணன் ஸ்பேனர் போட்டுச் சென்சாரைத் திருகி எடுத்தார். பச்சை நிறத்தில் கொஞ்சம் கூலன்ட் வழிந்தது. அதைக் கீழே விடக் கூடாது. ஒரு தட்டில் பிடித்தோம். கூலன்ட் விஷம். குடித்தால் இனிக்கும். அதனால்தான் நாயும் குழந்தையும் நக்கிவிடும். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். தட்டில் பிடித்ததை மூடி வைத்த பாட்டிலில் ஊற்றி உயரத்தில் வைத்தோம்.

தண்ணீர் கொதிக்க வைக்க அக்கா பாத்திரம் எடுக்கப் போனார். தாத்தா தடுத்தார். சென்சாரில் கூலன்ட் ஒட்டியிருக்கும். சோறு வைக்கும் பாத்திரத்தில் அதைப் போடக் கூடாது. பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்தோம்.

சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். நான் வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொண்டு போயிருந்தேன். தாத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது 42 டிகிரி வரைதான் காட்டும். கொதிநீரில் போட்டால் உடைந்துவிடும். உள்ளே உள்ள பாதரசமும் விஷம். பத்தாவது வரை படித்த எனக்கு இது தோன்றவில்லை. எங்கள் தெருவில் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் இரவல் வாங்கினோம். அது 110 டிகிரி வரை காட்டும்.

மல்டிமீட்டர் தாத்தாவுடையது. மின்சாரத்தை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். அந்த எண்ணுக்கு ஓம் என்று பெயர். மல்டிமீட்டரின் நடுவில் ஒரு திருகு இருக்கும். குதிரை லாடம் போல ஒரு குறி இருக்கும் பக்கத்துக்கு அதைத் திருப்ப வேண்டும். அங்கே 200, 2000 என்று அளவுகள் இருக்கும்.

ஒரு நல்ல சென்சாரும் கையில் இருந்தது. அண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பணத்தைக் கட்டிப் புதிது ஒன்று வாங்கி வந்திருந்தார். வேண்டாம் என்றால் திருப்பித் தருவதாகப் பேச்சு. விலை சில நூறு ரூபாய்தான். பழையதையும் புதியதையும் ஒரே தண்ணீரில் போட்டால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். வண்டியின் கையேடு இல்லாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

இரண்டையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். நுனி மட்டும் தண்ணீரில் நனைந்தது. டப்பாவின் அடியில் படவில்லை. அடியில் பட்டால் தண்ணீரின் சூட்டைக் காட்டாது. நெருப்பின் சூட்டைக் காட்டும். தெர்மாமீட்டரையும் அடியில் படாமல் பக்கத்திலேயே கட்டினோம்.

தாத்தா மல்டிமீட்டரின் ஒரு கம்பியைச் சென்சாரின் முனையில் வைத்தார். இன்னொன்றைப் பித்தளை உடம்பில் வைத்தார். அண்ணன் தெர்மாமீட்டரைப் பார்த்தார். எழுதும் வேலை அக்காவுக்கு. அவர் நோட்டில் மூன்று கட்டம் போட்டார். சூடு, பழையது, புதியது.

தண்ணீர் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. மல்டிமீட்டரில் இடது ஓரத்தில் 1 என்று வந்தது. அக்கா 1 என்று எழுதினார்.

"அழி" என்றார் தாத்தா. "அது ஒன்று இல்லை. 'என்னால் அளக்க முடியவில்லை, பெரிய அளவுக்கு மாற்று' என்று மீட்டர் சொல்கிறது."

உண்மைதான். திருகு 200இல் இருந்தது. 2000க்கு மாற்றியதும் மூன்று இலக்கத்தில் எண் வந்தது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். இடது ஓரத்தில் தனியாக நிற்கும் 1ஐ எண்ணாகப் படித்தால் எல்லாமே தவறாகிவிடும். எண் படிக்கத் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

அடுப்பை ஏற்றினோம். சூடு ஏற ஏற எண் இறங்கியது. அக்கா எழுதியது இது.

50 டிகிரியில் பழையது 72, புதியது 155.

80 டிகிரியில் பழையது 29, புதியது 52.

கொதிக்கும்போது பழையது 16, புதியது 30.

அக்கா எழுதி முடித்து நோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அக்காதான் கண்டுபிடித்தார்.

"டீச்சர், இந்த 29ஐப் பாருங்க. பழையது 80 டிகிரியிலேயே 29 சொல்லுது. புதியது கொதிக்கும்போதுதான் 30 சொல்லுது. அப்படீன்னா பழையது 80ஐயே கொதிக்குதுன்னு சொல்லுது."

அதுதான் கோளாறு. வண்டி ஓடினால் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. அந்தச் சூட்டில்தான் இஞ்சின் நன்றாக ஓடும். பழைய சென்சார் அதைப் பார்த்துக் கொதிக்கிறது, கொதிக்கிறது என்று கூச்சல் போட்டிருக்கிறது.

நீங்களும் இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். அக்கா எழுதிய மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். 29க்கும் 30க்கும் கீழே கோடு போடுங்கள். அவை எந்த எந்த வரியில் இருக்கின்றன என்று பாருங்கள்.

இந்த எண்கள் எங்கள் வண்டியின் சென்சாருக்கு வந்தவை. வேறு வண்டிக்கு வேறு எண்கள் வரும். சூடு ஏறினால் எண் இறங்க வேண்டும் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. எண் மெதுவாகவும் சீராகவும் இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ, எவ்வளவு சூடாக்கினாலும் அசையாமல் நின்றாலோ சென்சார் கெட்டுவிட்டது.

100 ஏன் வரவில்லை?

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் 97இல் நின்றுவிட்டது. அண்ணன் நெருப்பைக் கூட்டினார். அப்போதும் 97தான். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பயம்.

தாத்தா சிரித்தார். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் எங்கள் ஊரில் 97இல் கொதிக்கும். ஊட்டியில் 93 டிகிரிக்கும் முன்பே கொதித்துவிடும்.

"அதனாலதான் ஊட்டிக்குப் போனப்ப பருப்பு வேகவே இல்லையா!" என்றார் அக்கா.

ஆகவே தெர்மாமீட்டர் இல்லாமல், கொதித்தால் 100 என்று நீங்களாக எழுதிக் கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்ட உயரம் எழுதியிருப்பார்கள். அதைப் படியுங்கள்.

இரண்டு ஒயர் சென்சார்

தண்ணீர் சூடாக இருந்ததால் கம்ப்யூட்டருக்கான சென்சாரையும் பார்த்துவிடலாம் என்றார் தாத்தா. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை ஒன்றுதான். கம்பிகளை அதன் இரண்டு முனைகளிலும் வைக்க வேண்டும். எண்தான் பெரிது. மீட்டரை 20 ஆயிரம் அளவுக்கு மாற்ற வேண்டும். அப்போது 2.45 என்பது போல எண் வரும்.

அக்காவுக்குப் புள்ளி வைத்த எண் என்றால் பயம். நான் கேட்டேன். "2.45 கிலோ உளுந்து என்றால் எத்தனை கிராம்?" உடனே "2,450" என்றார். அதேதான். 2.45 கிலோ ஓம் என்றால் 2,450 ஓம்.

இந்த வகைச் சென்சார்கள் பலவற்றில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2,450 ஓம் வரும். 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு இறங்கும். அண்ணன் வண்டியில் இருந்தது ஒழுங்காக இறங்கியது. நல்ல சென்சார். இது கெட்டுப்போய் எப்போதும் குளிர் என்றே சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும். கறுப்புப் புகை வரும். பிளக் கரி பிடிக்கும். மைலேஜ் குறையும். சூடான வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்.

புதியதை மாட்டும்போது

புதிய சென்சாரை மாட்டினார் அண்ணன். கசியக் கூடாது என்று மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். தாத்தா பிரிக்கச் சொன்னார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு மறு ஒயர் கிடையாது. அதன் உடம்பே வண்டியின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகிறது. டேப்பை மொத்தமாகச் சுற்றினால் அந்தத் தொடுதல் கெடும். பிறகு முள் ஏறவே ஏறாது. இறுக்குவதும் அளவோடு வேண்டும். அலுமினியத்தில் மரை அழிந்தால் பெரிய செலவு.

கூலன்டை நிரப்பினோம். மூடியை மூடி வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டோம். முள் நடுவில் வந்து நின்றது. ரேடியேட்டர் பேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அக்கா அந்தப் பேனையே பார்த்துக் கொண்டு நின்றார்.

தாத்தா மட்டும் முழு நிம்மதி அடையவில்லை. "சென்சார் கெட்டது என்றுதான் பார்த்தோம். இஞ்சின் நல்லது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் தண்ணீர் அளவைப் பார். அதையும் எழுதி வை" என்றார்.

முள்ளை நம்பாமல் போனால்

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயம் இருக்கிறது. படித்துவிட்டு யாராவது, முள் பொய் சொல்கிறது என்று ஓட்டிக் கொண்டே போய்விடக் கூடாது.

என் மாமா அப்படித்தான் ஒரு காரை இழந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். பேரணாம்பட்டைத் தாண்டி மலைப்பாதை ஏறும்போது முள் ஏணிப் பக்கம் போனது. மாமா நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் முள் திடீரென்று பிறைப் பக்கம் விழுந்தது. "பார், சரியாயிடுச்சு" என்று அத்தையிடம் சொன்னாராம். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. இஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. சென்சாரின் நுனி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் போனதும் அது வெறுங்காற்றில் நின்றது. தண்ணீர் இருந்தபோது காட்டிய சூட்டை அதனால் காட்ட முடியவில்லை. முள் விழுந்துவிட்டது. இஞ்சின் உள்ளே தீயாக இருந்தது.

அன்று முள் முதலில் சொன்னது மெய். ஏறிய முள் சட்டென்று விழுந்தால் அது நல்ல செய்தி இல்லை. ஓரமாக நிறுத்துங்கள். இஞ்சினை அணையுங்கள். மூடியைத் தொடாமல் காத்திருங்கள். ஆறிய பிறகு தண்ணீரைப் பாருங்கள். சோதனை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சென்சார் சரியாக இருந்தும் முள் ஏறினால் தண்ணீர் உண்மையிலேயே சூடாகிறது. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். பேன் ஓடாமல் இருக்கலாம். தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

நோட்டுப் புத்தகத்துடன்

ஒரு வாரம் கழித்து அக்காவும் அண்ணனும் அந்த மெக்கானிக்கிடம் போனார்கள். சண்டை போட அல்ல. பிரேக் வேலை ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் அவர்தான் நல்ல வேலைக்காரர். அவசரத்தில் முள்ளை மட்டும் பார்த்துவிட்டார், அவ்வளவுதான் என்பது அண்ணனின் எண்ணம். அக்காவின் எண்ணம் கொஞ்சம் வேறு. அதை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா நோட்டை விரித்து வைத்தார். முதல் பக்கத்தில் பழையது, புதியது எண்கள். அடுத்த பக்கத்தில் ஏழு நாள் தண்ணீர் அளவு. ஏழு நாளும் ஒரே கோடு. மெக்கானிக் இரண்டு பக்கத்தையும் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். "நான்தான்" என்றார் அக்கா.

அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதென்னம்மா, கொதிக்கிறதுக்கு 97னு போட்டிருக்கீங்க? 100 இல்ல?"

அக்கா அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.